நீச்சல் தெரியும் என்று கையெழுத்துப் போட்டவர்

எங்கள் அருளானந்தம் சாரைப் பற்றி இப்போது ஊரெல்லாம் ஒரே சிரிப்பு. நீந்தத் தெரியாத நீச்சல் மாஸ்டர் என்று பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் வாட்ஸ்அப்பில் போட்டு விளையாடுகிறார்கள். துறையிலிருந்து மெமோ வந்தது, அவரும் பதில் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பதிலில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. மேலிடத்துக்கு அதுதான் பெரிய எரிச்சல். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவரோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் நான். ஐந்தாம் வகுப்பு டீச்சர், பெயர் பூர்ணிமா. நடந்ததை நடந்தபடி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

சாருக்கு ஐம்பத்தெட்டு வயது. நெல்லித்தோப்புக்காரர், மாதா கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. அந்தத் தெருவில் பாதிப் பேர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா, அதாவது சிப்பாய்க் குடும்பங்கள். சாருடைய அப்பா அவர்களுக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்தவர். வாலிபத்தில் சார் கபடி ஆடியிருக்கிறார். நன்றாகவே ஆடியிருக்கிறார், பேப்பரில் படம் வந்த அளவுக்கு. வலது முட்டி அந்தக் காலத்தில் போனது, இன்னும் திரும்பி வரவில்லை. சர்க்கரை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அரசு ஆரம்பப் பள்ளிகளில் எங்கள் பக்கம் மூன்று பள்ளிக்கு ஒரு பி.டி. மாஸ்டர். திங்கள், செவ்வாய் எங்களுக்கு. புதனும் வியாழனும் இன்னொரு பள்ளி, வெள்ளிக்கிழமை மூன்றாவது. பி.டி. மாஸ்டர் என்றால் விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். சொந்தமாக வகுப்பு இல்லாதவர் என்று அர்த்தம். அதனால் வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பதும் அவர்தான், குடற்புழு மாத்திரை நாளன்று பிள்ளைகள் மாத்திரையைத் துப்பாமல் பார்த்துக்கொள்வதும் அவர்தான், ஆண்டுவிழாவுக்குப் பந்தல்காரனைத் தேடி அலைவதும் அவர்தான். இளிச்சவாயன் தலையில் மிளகாய் அரைப்பது எங்கள் துறைக்குக் கைவந்த கலை. எதைக் கொடுத்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஆவட்டும் டீச்சர்." அதைச் சொல்லும்போது தோள் இரண்டும் அரை அங்குலம் இறங்கும். எனக்குப் பல நாள் அந்தத் தோளைப் பார்க்கவே ஆயாசமாக இருக்கும்.

போன கோடை விடுமுறையில் ஊருக்கு வெளியே ஓர் ஏரியில், மண் எடுத்த பள்ளத்தில், அண்ணனும் தம்பியும் முழுகிப் போனார்கள். தம்பி வழுக்கி விழுந்தான், அண்ணன் தூக்கிவிடக் குதித்தான். இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இல்லை. இருந்தாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பள்ளி திறந்த இரண்டாவது வாரமே சர்க்குலர் வந்துவிட்டது. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர வேண்டும். பத்து வகுப்பு பள்ளிக்கூடத்திலேயே, கடைசி வகுப்பு நீச்சல் குளத்தில்.

சர்க்குலர் நோட்டு எங்களிடம் எப்படிச் சுற்றும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. பியூன் முருகையன் அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுவருவார். ஒரு கை கரும்பலகையில் இருக்கும்போதே இன்னொரு கை பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிடும். தலைப்பைக்கூடப் பார்க்க மாட்டோம். நின்று நிதானமாகப் படித்தால் அதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர் ஒருவர் முடியை ஒருவர் பிடித்திருப்பார்கள். வருஷத்துக்கு இருநூறு சர்க்குலர் வருகிறது, இருநூறுக்கும் போட்டிருக்கிறோம், ஒருநாளும் குடி முழுகவில்லை.

இந்தச் சர்க்குலரின் அடியில் ஒரு வரி இருந்தது. நீச்சல் தெரிந்த ஆசிரியர்கள் மட்டும் தங்கள் பெயருக்கு எதிரே கையொப்பமிட வேண்டும் என்று. எங்கள் பள்ளியில் மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் போட்டோம். எச்.எம். தனக்கொடி அம்மா மேலே முதல் ஆளாகப் போட்டிருந்தார். பச்சை மை.

பத்து நாள் கழித்து மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நீச்சல் தெரிந்த உடற்கல்வி ஆசிரியர் அருளானந்தம் இந்தப் பள்ளியின் நீச்சல் பயிற்சிக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்படுகிறார். சார் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தரம் படித்தார்.

"டீச்சர், எனக்கு நீச்சல் தெரியும்னு நா கையெழுத்துப் போட்டிருக்கேனாம்."

"போட்டிருக்கீங்க சார். நானுந்தான் போட்டிருக்கேன்."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்க சார் தெரியும்?"

"எனக்கும் தெரியாது," என்றார். சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று.

கடலோரத்து ஊர்க்காரருக்கு நீந்தத் தெரியாதா என்று கேட்கிறவர்கள் எங்கள் டவுன் கடற்கரையைச் சரியாகப் பார்த்ததில்லை. நெடுகப் பாறாங்கல். இப்போதுதான் ஒரு ஓரமாகக் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. எங்கள் ஆட்களுக்குக் கடல் என்பது சாயங்காலம் போய் உட்கார்ந்து காற்று வாங்கி, சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பும் இடம். கால் நனைத்தவர்களே குறைவு. மீனவர் பிள்ளைகளுக்குத்தான் நீச்சல். மற்ற எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டே கிழவராகிறார்கள். சாருக்கு அதற்கு மேல் ஒரு பயமும் உண்டு. குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூடக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டுதான் ஊற்றுவாராம். அவரே சொன்னார்.

"எச்.எம். கிட்டப் போயி சொல்லிடுங்க சார்," என்றேன்.

போனார். எச்.எம். மதியச் சோற்றுக்கு முட்டை வராத விஷயமாகப் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். கையை ஆட்டி அப்புறம் என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆவட்டும் டீச்சர். பத்து கிளாஸ் இங்கதான. கொளத்துல அவங்க டிரெயினர் இருப்பாருன்னு போட்டிருக்கு."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆனாலும் அந்தப் பத்து வகுப்பையும் அவர் நடத்திய விதத்துக்கு நான் சாட்சி. வராண்டாவில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, பிள்ளைகளை வயிறு பெஞ்சில் படும்படி குப்புறப் படுக்க வைத்து, கையை வீசிக் காலை உதைக்கச் சொல்வார். மதியச் சோறு முடிந்த பீரியடு அது. இரண்டு பேர் வாந்தி எடுத்தபிறகு காலை பீரியடுக்கு மாற்றிக்கொண்டார். வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து எண்ண வைப்பார். இருபது எண்ணிவிட்டு எழுந்தவனுக்குக் கைதட்டு.

எல்லாவற்றையும்விட ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருத்தன் தண்ணீரில் விழுந்தால் நீ குதிக்காதே. கத்து. காலி கேனைத் தூக்கிப் போடு. துப்பட்டாவையோ கைலியையோ வீசு. நீளமாக எது கிடைக்கிறதோ அதை நீட்டு, படுத்துக்கொண்டு நீட்டு. கதிரடிக்கிற மாதிரி ஒரே விஷயத்தை நாற்பது தரம். ஒரு வகுப்பு முழுக்க ஒருவன் முழுகுகிற மாதிரி தரையில் புரண்டு கத்துவான், மற்றவர்கள் அவன் பக்கம் ஓடாமல் நிற்கப் பழக வேண்டும். ஓடியவன் அவுட். கபடி ஆடியவர் இல்லையா, கோட்டைத் தாண்டினால் சட்டென்று விசில் ஊதுவார். பெரியவர்களுக்கே வராத பழக்கம் அது. கூட்டாளி கத்தும்போது ஓடாமல் நிற்பது. ஆறாவது நீச்சல் வகுப்பில் ஒருவன்கூட அவுட் ஆகவில்லை. அன்றைக்கு சார் இரண்டு டீ குடித்தார், சர்க்கரை போட்டே.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "சார், நீங்க எவ்ளோ தூரம் நீந்துவீங்க?" என்று அவர் வருகிற நாளெல்லாம் ஒருவனாவது கேட்பான். "பாடத்தக் கவனி," என்பார். ஒருவன், சார் இலங்கை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார் என்று கிளப்பிவிட்டான். நான்காம் வகுப்பு முழுக்க நம்பிவிட்டது. சார் அதை மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. அந்தப் பேச்சு வந்தாலே பந்துக்குக் காற்றடிக்கப் போய்விடுவார்.

நாலாம் வகுப்பில் துர்கா என்று ஒரு பெண். கடலோரத்துப் பிள்ளைச்சாவடி, மீனவர் வீட்டுப் பிள்ளை. அவள் அத்தை பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், காலையில் பஸ்ஸில் கூடையோடு இவளையும் ஏற்றிவந்து பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போவார். பெஞ்சு நீச்சலைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு. "சார், கடல்ல இப்டி ஒதச்சீங்கன்னா அலை ஒங்களப் பொரட்டிப் போட்டுடும்," என்றாள். வேறு மாஸ்டராக இருந்தால் காதைத் திருகியிருப்பார். இவர் அவளைப் பெஞ்சில் ஏறிப் படுக்கச் சொல்லி, எப்படி என்று காட்டச் சொன்னார். அவள் காட்டினாள். மற்ற பிள்ளைகளோடு அவரும் பார்த்துக்கொண்டு நின்றார், தலையைச் சாய்த்து, மிகவும் கவனமாக.

எட்டாவது நீச்சல் வகுப்பு முடிந்த அன்று ஸ்டாஃப் ரூமில் என்னிடம் கேட்டார். "டீச்சர், ஒங்க ஊருல கெணறு கிணறு இருக்கா? ஞாயித்துக்கெழமைல யாரும் இல்லாத நேரமா?"

என் பிறந்த வீடு சேதராப்பட்டுப் பக்கம். அப்பா விட்டுப்போன ஒன்றரைக் காணி நிலத்தைத் தம்பி ராஜவேல் பார்க்கிறான், பாதி நாள் கம்பெனியில் ஷிஃப்ட்டு, பாதி நாள் கரும்பு. பம்ப்செட்டுத் தொட்டியில் மார்பளவு தண்ணீர் நிற்கும். நான் அந்தத் தண்ணீரில் இறங்கியதே இல்லை. பெண்பிள்ளைக்குத் தொட்டியோரம் துணி துவைக்க மட்டும்தான் அனுமதி, நீச்சல் எல்லாம் தம்பிக்கு. அவனிடம் சொன்னேன். "அதுக்கின்னா அக்கா, வரச் சொல்லு," என்றான்.

நான்கு ஞாயிறு வந்தார். காலைப் பூசை முடிந்து நேராக ஸ்கூட்டியில். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிட்டு, ஐம்பத்தெட்டு வயதுத் தொப்பையோடு தொட்டியில் இறங்குவார். முதல் ஞாயிறு விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு முகத்தைத் தண்ணீரில் வைத்தார், கண்ணை மூடாமல். மூன்றாவது ஞாயிறு ராஜவேல் அவர் முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிவிட்டான், ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போய்ச் சேர்ந்தார். என்ன சந்தோஷம் அந்த மனிதருக்கு! தண்ணீர் சொட்டச் சொட்ட, "டீச்சர், பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் சார் என்றேன்.

நான்காவது ஞாயிறு தம்பி கேனை அவிழ்த்துவிட்டான். இரண்டு வீச்சு வீசியிருப்பார். அப்படியே உள்ளே போனார். மார்பளவுத் தண்ணீர்தான், காலை ஊன்றினால் நிற்கலாம். நிற்கலாம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. குனிந்து தூக்கப் போன ராஜவேல் கழுத்தைப் பிடித்தார் பாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போனார்கள். நான் மேலே நின்று கத்துகிறேன். என் தம்பி முப்பத்திரண்டு வயது ஆள், கரும்புக்கட்டு தூக்குகிறவன். அந்தக் கையைப் பிய்த்து எடுக்க அவனுக்கே பாடாகிவிட்டது. கரையேறியபோது அவன் கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

சார் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் இருமினார். ராஜவேல் டீ வாங்கப் போயிருந்தான்.

"தம்பி கழுத்தப் புடிச்சிட்டேன் பாத்தீங்களா டீச்சர்," என்றார். "நானா புடிக்கல. கை தானா போயி புடிச்சிக்கிச்சு. நாளைக்கி அந்தக் கொளத்துல ஒரு கொழந்த முழுவுதுன்னு நா எறங்கனேன்னா, அது கழுத்தையும் இப்டித்தான் புடிப்பேன். ரெண்டு பேரும் சேந்து போயிடுவோம்."

"சும்மா இருங்க சார்," என்றேன்.

"இல்ல டீச்சர். திங்கக்கெழம எச்.எம். கிட்டச் சொல்லிடறேன்."

திங்கட்கிழமை எச்.எம். அறைக்குப் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன், கையில் பெற்றோர் கையெழுத்துப் போட்ட முப்பத்தாறு சம்மதக் கடிதம். "மேடம், அந்த நீச்சல் விஷயமா..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான் பேச முடிந்தது. "எல்லாம் ரெடி சார்! வெள்ளிக்கெழம கொளம் கெடச்சிருக்கு. கல்வித் துறை ஆய்வாளரே நேர்ல வராரு, பேப்பர்காரங்க வராங்க. நம்ம பள்ளிக்கூடத்துக்கு இப்பதான் ஒரு பேரு வரப்போவுது, எல்லாம் ஒங்களாலதான் சார்," என்று தனக்கொடி அம்மா பொழிந்து தள்ளிவிட்டார். கெட்டவர் இல்லை அவர். இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒருதரம்கூட அவர் பள்ளி பேப்பரில் வந்ததில்லை, அவ்வளவுதான். சார் வார்த்தையை மென்று விழுங்கிக்கொண்டு வெளியே வந்தார். வந்து என்னைப் பார்த்தார்.

நான் அப்போது உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்றால், சாருக்கு ஏதாவது அசௌகரியம் என்றால் பூர்ணிமாதான் அடுத்த பொறுப்பு என்று எச்.எம். முந்தின வாரமே சொல்லி வைத்திருந்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்தா? அதோடு பிள்ளைகள் வேறு ஒரு மாசமாக அந்த நாளையே நினைத்துக்கொண்டு கிடக்கிறார்கள். ஒருவனுடைய அம்மா மார்க்கெட் பக்கம் தேடி அலைந்து நீலக் கலரில் நீச்சல் டவுசர் வாங்கியிருந்தார். அவன் அதைப் பள்ளிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து எல்லாருக்கும் காட்டினான்.

"கொளத்துல டிரெயினர் இருக்காரு இல்ல சார்," என்றேன். "ஒரு மணி நேரந்தான். கரையில நின்னு விசில் ஊதுங்க, போதும்."

"ஆவட்டும் டீச்சர்," என்றார்.

வெள்ளிக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய விடுதி, பெயர் வேண்டாம், காலை வேளையில் ஆள் இல்லாததால் குளத்தைக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது பள்ளியில் சொல்லிவிட்டு சாரையும் கூட்டிக்கொண்டு வாடகை பஸ்ஸில் போய் இறங்கினோம். அந்த நீலத் தண்ணீரைப் பார்த்ததும் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். ஒருமுனையில் மூன்றடி, மறுமுனையில் ஐந்தரை அடி என்று சுவரில் எழுதியிருந்தது. எங்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மூன்றடி என்றால் மார்பு.

டிரெயினர் வரவில்லை. மச்சினனுக்குக் கல்யாணமாம், போன் அணைத்து வைத்திருந்தது. குளத்துக்குப் பவுடர் போட்டுச் சுத்தம் செய்கிற காத்தவராயன் மட்டும் வலைக்கம்போடு நின்றார். "நீங்க பாத்துக்குவீங்களா?" என்று கேட்டதற்கு, "பத்து வருசமா கரையிலதாங்க நிக்கிறேன், எனக்கு நீந்த வராது," என்றார். அவர் ஒருவர்தான் அன்றைக்குக் கேட்டதும் உண்மை சொன்னவர்.

ஆய்வாளர் வந்துவிட்டார். பதினோரு மணிக்கு அவருக்கு வேறு விழா. "டிரெயினர் இல்லன்னா என்னம்மா, ஒங்க சாரு இருக்காரே," என்றார். "ஆமாங்க சார், அவருதான் பொறுப்பாளரே," என்றார் எச்.எம். "அப்ப மொதப் பத்துப் பேர எறக்குங்க. சாரு முன்னால எறங்கட்டும், பசங்களுக்குத் தைரியமா இருக்கும். போட்டோ எடுத்துட்டு நா கெளம்பறேன்."

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கழற்றிப் போட்ட துண்டுகளை ஒவ்வொன்றாக உதறி, நான்காக மடித்து, பெஞ்சின்மேல் அடுக்கினேன். எதற்கு மடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் யார் கண்ணையாவது பார்க்க வேண்டியிருக்கும்.

பத்துப் பிள்ளைகள் விளிம்பில் வரிசையாக நின்றார்கள். நீல டவுசர் முதலில். சார் சட்டையைக் கழற்றிவிட்டு இரும்பு ஏணியைப் பிடித்து முதல் படியில் காலை வைத்தார், பிறகு இரண்டாவது படி. தண்ணீர் அந்தப் பாழாய்ப்போன முட்டி வரை வந்தது. அங்கேயே நின்றார். போட்டோகாரர், "இன்னும் கொஞ்சம் எறங்குங்க சார், சிரிங்க," என்றார். சார் சிரிக்கவில்லை. ஏணியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். திரும்பி மேலே ஏறி வந்தார். கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினார், கபடி மைதானத்தில் ஊதுகிற மாதிரி நீளமாக.

"யாரும் எறங்கக் கூடாது. பின்னால போங்க. செவுத்தோரம் ஒக்காருங்க."

வராண்டாவில் விசிலுக்குப் பழகிய பிள்ளைகள் அப்படியே பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் ஆய்வாளர்.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

போட்டோகாரர் சிரித்தார். ஆய்வாளர் பைலைப் புரட்டினார். "அப்ப இந்தக் கையெழுத்து?"

"நாந்தாங்க போட்டேன். படிக்காம போட்டேன். தப்புதாங்க."

"இதுல இன்னும் அஞ்சு பேரு போட்டிருக்கீங்களே! ஹெட்மிஸ்ட்ரசே போட்டிருக்கீங்க. யாருக்காச்சும் தெரியுமா, தெரியாதா?"

தனக்கொடி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாலாம் வகுப்பு டீச்சர் தரையைப் பார்த்தார். நான் துண்டைப் பார்த்தேன். அத்தனை பெரியவர்கள் சுற்றி நின்ற இடத்தில் சுவரோரத்திலிருந்து ஒரே ஒரு கை மேலே போனது. துர்கா. "எனக்குத் தெரியும் சார்," என்றாள். "நீ சும்மா ஒக்காரும்மா," என்று ஆய்வாளர் அதட்டினார். அவருக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா?

சார் விடாமல் ஒன்று கேட்டார். "மேடம், கொழந்தைங்க ஆசையா வந்திருக்கு. மூணடி பக்கம் ஓரமா ஒக்கார வச்சி காலையாச்சும் நனைக்க விடலாம். அஞ்சஞ்சு பேரா. ஆளுக்கொரு பக்கம் கையப் புடிச்சிக்கலாம்." எச்.எம்.முக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. "ஒண்ணும் வேணாம் சார். நீங்க செஞ்சது போதும். வண்டில ஏத்துங்க," என்றார்.

பிள்ளைகள் அழுத அழுகை! நீல டவுசர் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றான், காத்தவராயன் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் விட்டார். "சார் பொய்யி சொல்லிட்டாரு," என்று ஒருவன் ஆரம்பித்தான். இலங்கை வரை நீந்திய மனிதர் அல்லவா? அத்தனை பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சார் டிரைவருக்குப் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். பேன்ட் முட்டிவரை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. காதில் எல்லாம் விழுந்துகொண்டுதான் இருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆய்வாளர் முன்னால் கூனிக்குறுகி நின்ற வெட்கம் எல்லாம் சேர்ந்து வந்த கோபம். பிள்ளைகளின் துண்டுக்கட்டை அவர் பக்கத்துச் சீட்டில் பொத்தென்று போட்டேன்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சார்? இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்து, புள்ளைங்கள அழ வச்சி, எல்லாரையும் அசிங்கப்படுத்தி... அங்கதான் வாயத் தொறக்கணுமா?"

அவர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்படுகிற தெம்பு அவரிடம் இல்லை என்றுதான் தோன்றியது. நனைந்த முட்டியை ஒரு கையால் அமுக்கிவிட்டுக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்களுக்குத் தெரியும் இல்ல டீச்சர்," என்றார். "டிரெயினர் வரலன்னு சொன்னதுலேந்து ஒங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன். எனக்கு வாயி வரல. நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

டிரைவர் இஞ்சினைப் போட்டுவிட்டு, "டீச்சர், ஆளு சரியா இருக்கா பாருங்க," என்றார். வண்டி புறப்படும் முன் தலை எண்ணுவது வகுப்பு டீச்சர் வேலை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு போனேன். அழுது கண் வீங்கியவன், மூக்கைத் துடைத்துக்கொண்டவள், கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவன். முப்பத்தாறு வந்தது. அழுகைச் சத்தத்தில் எங்கேயாவது விட்டிருப்பேன் என்று திரும்ப முதலிலிருந்து எண்ணினேன். முப்பத்தாறு பேரும் இருந்தார்கள்.